கிட் இல்லாமல் லேத்தில் அக்ரிலிக் பேனை கடைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் லேத் என்றால் படகு எஞ்சினின் தண்டும் புஷ்ஷும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே மெசினில் ஒரு மைப்பேனையை முழுசாகக் கடையலாம் என்று சொன்னால் பலருக்கு முதலில் சந்தேகம், அப்புறம் ஆசை, அப்புறம் வரிசையாகக் கேள்விகள். பட்டறைப் பக்கம் வருகிறவர்களும் தொலைபேசியில் கேட்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாக வாசியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

"கிட் இல்லாமல்" எண்டா என்ன? அப்ப நிப்பையும் நீங்களே செய்யிறதா?

கிட் வாங்கினால் பித்தளைக் குழாய், உலோக முனைகள், கிளிப் எல்லாம் ஒரு பையில் வரும். அக்ரிலிக் துண்டில் ஓட்டை போட்டு, குழாயை உள்ளே ஒட்டி, வெளிப்பக்கத்தைக் கடைந்து, முனைகளை அழுத்திச் செருகினால் பேனை முடிந்தது. கிட் இல்லாமல் செய்யும்போது உடல், மூடி, விரல் பிடிக்கும் கழுத்து மூன்றையும் அக்ரிலிக்கிலேயே கடைய வேண்டும். அவற்றை இணைக்கும் புரிகளையும் அக்ரிலிக்கிலேயே வெட்ட வேண்டும். உள்ளே உலோகக் குழாய் கிடையாது. தெளிவான அக்ரிலிக் என்றால் மை அசைவது வெளியே தெரியும்.

நிப்பை மட்டும் வாங்குகிறோம். நிப், அதன் அடியில் மையை நடத்தும் ஃபீட், இரண்டையும் பிடிக்கும் கூடு ஆகிய மூன்றும் ஒரே அலகாகக் கிடைக்கும். தகட்டை அடித்து வளைப்பது, நுனியில் கடின உலோக மணியை ஒட்டுவது, நடுவே பிளப்பது எல்லாம் தனியொரு தொழில். பெயர் பெற்ற பேனை நிறுவனங்கள் பலவும் பெர்லினில் உள்ள ஜோவோ போன்றவர்களிடம்தான் நிப் வாங்குகின்றன. நாமும் வாங்கலாம், அதனால் பேனை நம் கைவேலை இல்லை என்று ஆகிவிடாது.

என்னட்ட மர லேத்தான் கிடக்கு. காணுமா?

காணும். முன்பக்கம் தடியைச் சுற்றிவரச் சமமாகப் பிடிக்கும் கொலெட் சக் ஒன்று, பின்பக்கம் டெயில்ஸ்டொக்கில், அதாவது லேத்தின் நகரும் பின்தலையில், பிட்டைப் பிடிக்கும் ட்ரில் சக் ஒன்று வேண்டும். அளவுகளை அடிக்கடி வேர்னியரால் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உலோக லேத்தில் டயலைப் பார்த்து 0.1 மில்லிமீற்றர் எடுக்கலாம் என்பது பெரிய வசதி.

படகு வேலை செய்யும் பெரிய லேத்திலும் கடையலாம். ஆனால் அதன் மூன்று தாடைச் சக் அக்ரிலிக்கைக் கடித்துத் தடம் போடும், தடி கொஞ்சம் ஆடவும் செய்யும். கொலெட் இல்லாவிட்டால் நைலோனிலோ அலுமினியத்திலோ ஒரு புஷ் கடைந்து, உள்ளே தடியின் அளவுக்குத் துளைத்து, ஒரு பக்கம் நீளவாக்கில் அறுத்துவிடுங்கள். அதைச் சக்கில் வைத்து இறுக்கினால் தடியைச் சுற்றிவரச் சமமாகப் பிடிக்கும். புஷ்ஷில் சக்கின் ஒன்றாம் தாடை வரும் இடத்தில் கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே நிலையில் வைக்கலாம்.

குளோவ்ஸ் போட்டுக்கொண்டு வேலை செய்யலாமோ?

கூடாது. சுற்றும் மெசின் குளோவ்ஸைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சாரத் தலைப்பு, நீளக் கை, கழுத்துச் சங்கிலிக்கும் இதே விதி. கண்ணாடி கட்டாயம்; வெடித்துப் பறக்கும் அக்ரிலிக் துண்டு கண்ணாடிச் சில்லு போலக் கூரானது.

எந்த அக்ரிலிக் வாங்கிறது? பெயர்ப்பலகை செய்யிற கடையில கிடக்கிற வெட்டுத்துண்டு சரிவருமா?

பலகைக் கடைத் துண்டுகள் பெரும்பாலும் மெல்லிய தகடுகள், பேனைக்குத் தடிப்புக் காணாது. தடிப்பானது கிடைத்தாலும் அது வார்த்ததா, அச்சில் தள்ளி எடுத்ததா என்று கேளுங்கள். வார்த்த அக்ரிலிக் சுத்தமாகச் சீவப்படும். தள்ளி எடுத்தது சூட்டில் சீக்கிரம் இளகி கருவியில் ஒட்டும், புரியும் நன்றாக நிற்காது. பழகுவதற்கு எடுக்கலாம், பேனைக்கு வேண்டாம்.

இன்னொன்று: பேனைக்கென்று விற்கும் வண்ணத் தடிகளில் பலவற்றை அக்ரிலிக் என்று சொன்னாலும் உண்மையில் அவை பொலியெஸ்ரர் பிசின். பார்க்க அழகானவை, ஆனால் நொறுங்கும் குணம் கூட. முதல் பேனைக்கு ஒரே நிறத்தில் வார்த்த அக்ரிலிக் தடி எடுப்பதுதான் நல்லது. புரி வெட்டப் பழகிய பிறகு மினுக்கத்துக்கும் சுழிக்கும் போகலாம்.

ஒரு பேனைக்கு எவ்வளவு நீளம் வேணும்?

உடலுக்கு சுமார் 80 மில்லிமீற்றர், மூடிக்கு 65, கழுத்துக்கு அதன் புரியோடு சேர்த்து 32. அறுப்பிலும் முகம் எடுப்பதிலும் போவதைச் சேர்த்தால் 190 முதல் 200 மில்லிமீற்றர் தடி வேண்டும். விட்டம் 18 இருந்தால் போதும், 20 இருந்தால் வசதி. அறுக்கும் முன் தடியின் முழு நீளத்துக்கும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று குறித்துவிடுங்கள். வடிவம் உள்ள தடியில் உடலும் மூடியும் தொடர்ச்சியாகத் தெரிய அந்தக் கோடுதான் வழி.

என்னென்ன டாப், டை வாங்கோணும்? பட்டியலைப் பார்த்தா தலை சுத்துது.

டாப் துளைக்குள் உட்புரி வெட்டும், டை தடியின்மேல் வெளிப்புரி வெட்டும். பேனையில் மூன்று புரிகள்தான். முதலாவது, நிப் அலகு கழுத்துக்குள் போகும் புரி. ஆறாம் இலக்க அளவு நிப்புகளில் இது 7.5 மில்லிமீற்றரை ஒட்டிய விட்டம், 0.5 புரி இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையே உள்ள தூரம். ஆனால் ஒரு நிறுவனத்தின் அலகு இன்னொரு நிறுவனத்தின் புரியில் சரியாக உட்காராது. முதலில் நிப்பைத் தீர்மானியுங்கள், அதே விற்பனையாளரிடம் அதற்கான டாப்பையும் துளை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இந்தத் துளை படிபடியாகக் குறுகும், ஊகித்துப் போட முடியாது.

இரண்டாவது, கழுத்தும் உடலும் சேரும் புரி. எம் 9 (9 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெட்ரிக் புரி), இடைவெளி 0.75 என்பது பலரும் எடுக்கும் அளவு. மூன்றாவது, உடலும் மூடியும் சேரும் புரி. ஆரம்பத்துக்கு எம் 13, இடைவெளி 1 நல்லது. துளை அளவுக்கு விட்டத்திலிருந்து இடைவெளியைக் கழியுங்கள்: 9 இலிருந்து 0.75 போனால் 8.25; 13 இலிருந்து 1 போனால் 12. அக்ரிலிக்குக்கு அதைவிட 0.05 முதல் 0.1 வரை கூட்டிப் போடுவது என் வழக்கம். இரும்பைப் போல முழு ஆழப் புரி இதற்குத் தேவையில்லை, இறுக்கம்தான் ஆபத்து. இந்த அளவுகளில் இரண்டு புரிகளுக்கும் நடுவே உடலில் சுமார் 1.4 மில்லிமீற்றர் சுவர் மிஞ்சும். அது போதும். 8.3 துளைக்குள் உங்கள் கொன்வேர்ட்டர், அதாவது மை உறிஞ்சும் குழாய், தடையின்றிப் போகிறதா என்று மட்டும் முதலிலேயே பாருங்கள்.

துளைக்கேக்க அக்ரிலிக் உருகி பிட்டில ஒட்டுது. சில நேரம் வெடிக்குது. என்ன பிழை?

சூடு. இந்த வேலையில் வரும் கஷ்டங்களில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்குள் அடங்கும். அக்ரிலிக் சுமார் 105 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும், அதற்கு முன்பே குழையத் தொடங்கிவிடும். அது சூட்டைக் கடத்துவதும் இல்லை. இரும்பைத் துளைக்கும்போது சூடு பொருளுக்குள் பரவிப் போகும். இங்கே பிட்டின் நுனியிலேயே தேங்கும். அதனால் வேகத்தைக் குறைத்து நிமிடத்துக்கு 500 சுற்றை ஒட்டி வையுங்கள். சில மில்லிமீற்றர் போனதும் பிட்டை முழுவதும் வெளியே எடுத்து, சீவலைத் துடைத்து, தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து விட்டு, மறுபடி போங்கள். சீவல் நீளச் சுருளாக வந்தால் நல்லது. சுருள் நின்று தூளாகவோ கட்டியாகவோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

நேரடியாக 8.3 பிட்டால் துளைக்கவும் வேண்டாம். முதலில் நடுக்குழி போடும் சென்டர் ட்ரில், அப்புறம் 5 அல்லது 6, அப்புறம் 8, கடைசியில் 8.3. கடைசிப் பிட் எடுக்க வேண்டியது மெல்லிய தோல் மட்டுமே. உலோகத்துக்கு அரைத்த பிட்டின் வெட்டு விளிம்பு அக்ரிலிக்கை ஆவேசமாக இழுக்கும், வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். எண்ணெய்க் கல்லால் அந்த விளிம்பின் முகப்பைக் கொஞ்சம் தட்டையாக உரசிவிட்டால் இழுக்காமல் சுரண்டும். மறுபக்கம் வெளியேறும் துளை போடவே வேண்டாம். நீளத்தைக் கூட வைத்து, மூடிய துளையாகப் போட்டு, மிச்சத்தைப் பிறகு அறுத்து எடுங்கள்.

துளைத்த உடனே அளக்கவும் கூடாது. அக்ரிலிக் இரும்பைவிட ஆறு மடங்களவில் விரியும். 13 மில்லிமீற்றர் தடி 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.03 மில்லிமீற்றர் பருக்கும். புரிப் பொருத்தத்தில் அது கையில் தெரியும் அளவு. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் சரியான அளவு கிடைக்கும்.

டை பிடிச்சா புரி நொறுங்குது. சரியா வந்தாலும் மூடி ஆடுது.

டையை மெசினில் ஓட விடாதீர்கள், சக்கைக் கையால் சுற்றுங்கள். டை நேராக நிற்க டெயில்ஸ்டொக்கில் ஏறும் பிடி ஒன்று தேவை. கையில் பிடித்த டை கட்டாயம் சரியும், சரிந்த புரியில்தான் மூடி ஆடும். தடியை 13 க்குப் பதிலாக 12.9 க்குக் கடைந்து, நுனியைச் சரிவாக எடுத்துவிடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று சீவலை உடைத்து உடைத்துப் போக வேண்டும். மேலே சொன்ன சவர்க்காரத் தண்ணீர் இங்கும் உதவும். டை பழையதாக இருந்தால் அக்ரிலிக்கை வெட்டாது, கிழிக்கும். இரும்புக்குப் பாவித்த டையை இதற்கு எடுக்காதீர்கள்.

புரி முடியும் தோளில் சிறு பள்ளம் ஒன்று எடுத்து வையுங்கள், மூடி தோளோடு ஒட்டி உட்கார அது வேண்டும். பிளவுள்ள டையாக இருந்தால் டையை விரித்து முதலில் கொஞ்சம் பருமனாக வெட்டி, மூடியைப் போட்டுப் பார்த்து, பிறகு டையை நெருக்கி இன்னொரு முறை ஓட்டலாம். பேனையின் பளபளப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் பாராட்டுவார்கள். எழுதுகிறவர் தினமும் கையில் உணர்வது இந்தப் புரியைத்தான். பொலிஷுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது மலிவான தடிகளில் புரி வெட்டிப் பழகக் கொடுங்கள் என்று கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

கடைப் பேனை ரெண்டு சுத்தில திறக்குது. நான் செய்தது ஆறு சுத்து. ஏன்?

இடைவெளி 1 உள்ள ஒற்றைப் புரியில் 6 மில்லிமீற்றர் நீளம் இருந்தால் ஆறு சுற்றுத்தான். கடைப் பேனைகளில் ஒரே இடத்தில் மூன்று புரிகள் ஒன்றுக்கு அருகில் ஒன்றாக ஓடும். இடைவெளி 0.8, மூன்று தொடக்கம் என்றால் ஒரு சுற்றில் 2.4 மில்லிமீற்றர் நகரும். அதே 6 மில்லிமீற்றர் இரண்டரைச் சுற்றில் திறந்துவிடும். இதற்கான டாப்பும் டையும் பேனைக்காரர்களுக்கென்றே செய்யப்படுபவை, விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்.

புரி வெட்டும் வசதியுள்ள உலோக லேத் இருந்தால் அவை இல்லாமலும் முடியும். லேத்தை 3 மில்லிமீற்றர் இடைவெளிக்கு வைத்து, புரியின் ஆழத்தை மட்டும் 1 மில்லிமீற்றர் புரிக்கு உரிய அளவில் வெட்டுங்கள். பிறகு கருவி நிற்கும் மேல் ஸ்லைடைத் தண்டின் திசையில் சரியாக 1 மில்லிமீற்றர் நகர்த்தி இரண்டாவது, இன்னொரு 1 நகர்த்தி மூன்றாவது. ஒரு வெட்டு முடிந்ததும் அரை நட்டை, அதாவது கருவி வண்டியைப் புரித் தண்டோடு இணைக்கும் பூட்டை, திறக்காமல், கருவியை வெளியே இழுத்து, மெசினைப் பின்னோக்கி ஓட்டித் தொடக்கத்துக்கு வாருங்கள். திறந்தால் தொடக்கங்கள் கலைந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, பின்பக்கம் ஒரு கைப்பிடி போட்டுச் சக்கைக் கையால் சுற்றியே வெட்டலாம். அக்ரிலிக் மெத்தென்றது, கை வலு போதும். புரி சரிவாக ஏறுவதால் கருவியின் முன்செல்லும் பக்கத்தை 5 பாகைக்கு மேலாகவே ஒதுக்கி அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உரசிச் சூடாகும், மறுபடி மேலே சொன்ன கதைதான்.

மூன்று தொடக்கம் உள்ள மூடி மூன்று நிலைகளில் பூட்டும். மூன்றையும் போட்டுப் பார்த்து, வடிவம் சேரும் நிலைக்கு உள்ளே சிறு புள்ளி வையுங்கள்.

முதல் எதைச் செய்யிறது, மூடியா உடலா?

மூடி. உட்புரியைத் திருத்துவது கடினம், வெளிப்புரியைத் திருத்தலாம். அதனால் மூடியின் உட்புரியை முடித்து, அதை அளவுகோலாக வைத்து உடலின் வெளிப்புரியைப் பொருத்துங்கள். அடுத்தது உடலின் துளையும் உட்புரியும், கடைசியில் கழுத்து. கழுத்தின் மிகப் பருத்த இடம் மூடியின் உட்புரிக்குள் உரசாமல் போகவேண்டும். நிப்பின் நுனிக்கும் மூடியின் அடிக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீற்றர் விடுங்கள். வெளி வடிவத்தை எல்லாம் சேர்ந்த பிறகுதான் எடுப்பது.

புரி வெட்டின துண்டை மறுபடி சக்கில எப்படிப் பிடிக்கிறது? தடம் விழாதா?

புரியாலேயே பிடிக்க வேண்டும். பித்தளை அல்லது டெல்ரின் (ஒரு கடினப் பிளாஸ்டிக்) தடியில் மூடிக்குப் பொருந்தும் வெளிப்புரி ஒன்று, உடலுக்குப் பொருந்தும் உட்புரி ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சக்கில் பிடித்து, துண்டை அதில் திருகி, கடையலாம், பொலிஷ் பண்ணலாம். கையால் இறுக்கினால் போதும், கடையும் விசையே மிச்சத்தை இறுக்கிவிடும். கழற்ற வராவிட்டால் குறடு போடாமல் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள்.

கண்ணாடி மாதிரிப் பளபளப்பு எப்படி வரும்?

கருவி கூராக இருந்து கடைசி வெட்டு மெல்லியதாக இருந்தால் 600 வோட்டர் பேப்பரிலிருந்து தொடங்கலாம். தண்ணீரோடு 800, 1000, 1500, 2000, அப்புறம் மைக்ரோமெஷ் எனும் மிக நுண்ணிய தேய்ப்புத் துண்டுகள், கடைசியில் பிளாஸ்டிக் பொலிஷ். ஒவ்வொரு படியிலும் மெசினை நிறுத்தி, நீளவாக்கில் தேய்த்து, வட்டக் கீறல் எல்லாம் போனபின்தான் அடுத்த பேப்பர். அவசரப்பட்டு ஒரு பேப்பரைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசியில் வெயிலில் தெரியும். தண்ணீர் தூளையும் அடக்கும், சூட்டையும் அடக்கும். தெளிவான அக்ரிலிக்கில் துளையின் உட்பக்கத்தையும் இதே வரிசையில், குச்சியில் சுற்றிய பேப்பரால் தேய்க்க வேண்டும்.

கிளிப் கட்டாயமா?

இல்லை. உருளாமல் இருக்க மூடியில் ஒரு பக்கம் தட்டையாக எடுத்தாலும் போதும்.

கொன்வேர்ட்டர் இல்லாமல் உடலுக்குள்ளேயே மை ஊத்தலாமா? எங்கட ஊர் வெக்கைக்குச் சரிவருமா?

உள்ளே உலோகம் இல்லாததால் ஊற்றலாம். ஆந்திராவின் இராஜமுந்திரியில் 1930களிலிருந்து கையால் கடையப்படும் இரத்தினம் பேனைகள் இப்படி மை ஊற்றும் வகையில் பெயர் பெற்றவை. கழுத்தின் புரியில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகத் தடவினால் கசியாது. உள்ளே நிறைய மை பிடிக்கும்.

திருகோணமலையில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. மை பாதியாகக் குறைந்ததும் மிச்ச இடத்தில் காற்று நிற்கும். கையின் சூட்டிலோ கச்சான் காற்றடிக்கும் பகலின் வெக்கையிலோ அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியாகத் தள்ளும், எழுதும்போது சொட்டு விழும். சுவரை 2 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக வைத்தால் கைச்சூடு மெதுவாகத்தான் ஏறும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும் முன் நிரப்புவதும் உதவும். பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் பேனை என்றால் கொன்வேர்ட்டரே நல்லது. வெயிலில் நிற்கும் ஓட்டோவின் முன்தட்டில் எந்தப் பேனையையும் விடாதீர்கள்.

உப்புக்காத்தில டாப், டை எல்லாம் கறள் பிடிக்குது. என்ன செய்யிறது?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் எல்லாரும் கேட்பது. சவர்க்காரத் தண்ணீர் பாவித்த கருவியை அன்றே துடைத்து, உலர்த்தி, ஒயில் பூசி, மூடியிறுக்கிய டப்பாவில் வையுங்கள். லேத்தின் படுக்கையையும் வேலை முடிந்ததும் துடைத்து ஒயில் விட வேண்டும். மாரி காலத்தில் இதை ஒரு நாள் விட்டாலும் தெரியும். அடுத்த முறை அக்ரிலிக்கில் வைக்கும் முன் ஒயிலை முழுவதும் துடையுங்கள். கறள் பட்ட டாப்பின் விளிம்பு புரியைக் கிழித்துவிடும்.

காலமை எழுதத் தொடங்கினா மை வரல்ல. நிப் பிழையா?

நிப்பைக் குறை சொல்லும் முன் மூடியைப் பாருங்கள். மூடியை உதட்டில் வைத்து உறிஞ்சினால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று வந்தால் கிளிப்புக்கு வெட்டிய பிளவு வழியாகவோ, மூடியின் தலையைத் தனியாகக் கடைந்து திருகியிருந்தால் அந்தப் புரி வழியாகவோ உள்ளே போகிறது. நிப் இரவில் காய்ந்துவிடும். மூடியின் தோளும் உடலின் தோளும் ஒட்டாமல் இருந்தாலும் இதேதான் நடக்கும், அதற்குத்தான் முன்னே பள்ளம் எடுக்கச் சொன்னேன். மூடி சரியென்றால் நிப் அலகைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள்.

நல்லாத்தான் செய்தேன். சில கிழமைக்குப் பிறகு புரியடியில மயிரிழை மாதிரி வெடிப்பு. ஏன்?

அக்ரிலிக்குக்குள் தங்கிய இறுக்கம் மெதுவாக வெளியே வந்திருக்கிறது. சூடேற்றித் துளைத்தது, இறுக்கமான புரி, கூரான உள்மூலை ஆகியவை இறுக்கத்தை உள்ளே வைக்கும். அதன்மேல் மதுசாரம் பட்டால் வெடிப்பு உடனே விரியும். ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது, கைக்குப் பூசும் கிருமிநீக்கியோடு பேனையைப் பிடிப்பது, நிப் கழராமல் இருக்கப் புரிப்பூட்டுத் திரவம் விடுவது மூன்றும் அக்ரிலிக்குக்கு ஆகாது. நிப் அலகுக்குச் சிலிக்கன் கிறீஸ் போதும், பேனையைக் கழுவத் தண்ணீர் போதும்.

வார்த்த அக்ரிலிக்காக இருந்தால் துளைகளைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுவிட்டு, துண்டுகளை 80 பாகையில் சில மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறவிடலாம். இறுக்கம் பெரும்பாலும் போய்விடும். அளவு சற்று மாறும் என்பதால் கடைசித் துளையும் புரியும் அதற்குப் பிறகுதான். வீட்டு அடுப்பின் காட்டியை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். ஏற்கனவே வெடித்த துண்டை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. கழுத்து வெடித்திருந்தால் கழுத்தை மட்டும் புதிதாகக் கடைந்து, அதே நிப்பையும் உடலையும் பாவிக்கலாம்.